முதல் அயன்மேன்: சைக்கிளில் அரை மணி நேரம் மிச்சம் பிடித்தால் ஓட்டத்தில் ஏன் ஒரு மணி நேரம் போகிறது?

3.8 கிலோமீட்டர் நீச்சல். 180 கிலோமீட்டர் சைக்கிளோட்டம். அதன்பிறகு 42.2 கிலோமீட்டர் நெட்டோட்டம். மூன்றும் ஒரே நாளில்.

1978இல் ஹவாயியில் 15 பேர் தொடங்கிய அந்தப் போட்டியை அன்று 12 பேர் முடித்தார்கள். இன்று உலகின் பல இடங்களில் அது நடக்கிறது. நமக்குப் பக்கத்தில் என்றால் லங்காவி. 2000ஆம் ஆண்டில் முதன்முறையாக அங்கு நடத்தப்பட்டது.

பொதுவாக 17 மணி நேரம் கொடுப்பார்கள். "அட, அவ்வளவு நேரமா? மெதுவாப் போனாலே முடிச்சிடலாமே!" என்று தோன்றும். உண்மைதான். ஆனால் முதல்முறை போகிறவர்களில் பலர் மெதுவாகப் போவதில்லை. சிக்கலே அங்குதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்

15 மணி நேரத்தில் முடிப்பது உங்கள் திட்டம் என்று வைத்துக்கொள்வோம்.

நீச்சலுக்கு 1 மணி 45 நிமிடம். அதாவது 100 மீட்டருக்கு ஏறக்குறைய 2 நிமிடம் 46 விநாடி. உடை மாற்ற 12 நிமிடம். சைக்கிளில் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம் என்றால் 7 மணி 12 நிமிடம். மறுபடியும் காலணி மாற்ற 10 நிமிடம். ஓட்டத்தில் கிலோமீட்டருக்கு 8 நிமிடம் என்றால் 5 மணி 38 நிமிடம். கூட்டினால் 14 மணி 57 நிமிடம் வருகிறது.

போட்டி நாளில் என்ன நடக்கும்? கால் புத்துணர்ச்சியோடு இருக்கும். பக்கத்தில் ஒருவர் முந்திப் போவார். "கால் நல்லாத்தானே இருக்கு" என்று நீங்களும் 27 கிலோமீட்டர் வேகத்துக்குப் போவீர்கள். அப்படியே கடைசிவரை மிதித்தால் 6 மணி 40 நிமிடத்தில் சைக்கிளோட்டம் முடியும். 32 நிமிடம் லாபம்.

அந்த 2 கிலோமீட்டர் கூடுதல் வேகம் இலவசமாக வருவதில்லை. காற்றைக் கிழித்துப் போகத் தேவைப்படும் ஆற்றல் வேகத்தைவிடப் பல மடங்கு விரைவாக ஏறும். சமதரையில் வேகத்தை 8 விழுக்காடு கூட்ட, ஏறக்குறைய கால் பங்கு கூடுதல் ஆற்றல் தேவை.

அதற்கான விலையை ஓட்டத்தின் இரண்டாம் பாதியில் கொடுப்பீர்கள். ஓட முடியாமல் நடக்கத் தொடங்கினால் கிலோமீட்டருக்கு 11 நிமிடம் ஆகும். 21 கிலோமீட்டருக்கு, கிலோமீட்டருக்கு 3 நிமிடம் நஷ்டம். மொத்தம் 63 நிமிடம் போகிறது. சைக்கிளில் சம்பாதித்ததைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு.

உடலுக்குள் என்ன ஆகிறது?

தசையிலும் கல்லீரலிலும் சேர்த்துவைக்கும் மாவுச்சத்து ஏறத்தாழ 2,000 கிலோகலோரிதான். ஆனால் இந்தப் போட்டிக்கு ஆளைப் பொறுத்து 7,000 முதல் 10,000 கிலோகலோரி வரை செலவாகலாம். மீதியைக் கொழுப்பிலிருந்தும் வழியில் சாப்பிடுவதிலிருந்தும் எடுக்கவேண்டும்.

மெதுவாகப் போனால் உடல் கொழுப்பை அதிகம் எரிக்கும். அழுத்திப் போனால் மாவுச்சத்து வேகமாகக் கரையும். அதோடு நிற்காது. ரத்தம் தசைகளுக்கும் தோலுக்கும் போய்விடுவதால் வயிறு வேலை செய்ய மறுக்கும். சாப்பிட்டது உள்ளே இறங்காது, குமட்டும். "எனக்கு அந்த ஜெல் ஒத்துக்கலை" என்று பலர் சொல்வார்கள். பல நேரங்களில் ஜெல் மீது தப்பில்லை, வேகத்தின் மீதுதான்.

1982இல் ஹவாயியில் பெண்கள் பிரிவில் முன்னணியில் ஓடிவந்தார் ஜூலி மாஸ். முடிவுக்கோட்டுக்குச் சில மீட்டர் இருக்கும்போது விழுந்தார். கால் எழும்பவில்லை. கேத்லீன் மெக்கார்ட்னி அவரைத் தாண்டிப் போனார். மாஸ் தவழ்ந்தே கோட்டைத் தொட்டார். இடைவெளி வெறும் 29 விநாடி. அந்தக் காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்துப் பலர் இந்த விளையாட்டுக்கு வந்தார்கள். மனவுறுதிக்கு எடுத்துக்காட்டாக அதைச் சொல்வார்கள். ஆற்றல் தீர்ந்துபோன உடல் எப்படியிருக்கும் என்பதற்கும் அதுவே எடுத்துக்காட்டு.

நம் ஊர் வெயில் வேறு கணக்கு

குளிர் நாடுகளுக்கு எழுதப்பட்ட திட்டங்களை அப்படியே லங்காவிக்குக் கொண்டுபோகாதீர்கள். காற்றில் ஈரப்பதம் அதிகம். வியர்வை வழியும், ஆனால் காயாது. காயாத வியர்வை உடலைக் குளிர்விக்காது. அதனால் ஒரே வேகத்தில் போனாலும் நேரம் ஆக ஆக இதயத் துடிப்பு ஏறிக்கொண்டே இருக்கும். துடிப்பு ஏறினால் வேகத்தைக் குறையுங்கள். திட்டத்தில் எழுதிய வேகத்தைப் பிடித்துத் தொங்கவேண்டாம்.

வெறும் தண்ணீரை மடக்கு மடக்கென்று குடிப்பதும் ஆபத்து. ரத்தத்தில் உப்பு குறைந்து தலைவலி, குழப்பம், வலிப்புவரை போகலாம். தாகத்துக்குக் குடியுங்கள். உப்பு கலந்த பானமும் இருக்கட்டும்.

சரி, எப்படித்தான் போவது?

நீச்சலில் பெரிதாக ஜெயிக்க ஒன்றும் இல்லை. ஓரமாக, பின்வரிசையில் தொடங்குங்கள். முதல் சில நிமிடங்களில் மூச்சு முட்டுவதுபோல் இருந்தால் மல்லாந்து மிதந்து நிதானப்படுங்கள். கையை உயர்த்தினால் உதவிப் படகு வரும். டிரையத்லான் மரணங்களில் பெரும்பாலானவை நீச்சலில்தான் நேர்கின்றன. போட்டிக்குப் பதிவுசெய்யும் முன் மருத்துவரைப் பார்ப்பது சம்பிரதாயத்துக்காக அல்ல.

சைக்கிளில் ஆற்றல் அளவி வைத்திருக்கிறீர்களா? ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய உச்ச ஆற்றலில் 65 முதல் 70 விழுக்காடு போதும். உங்கள் உச்சம் 200 வாட் என்றால் 130 முதல் 140 வாட். கருவி இல்லாவிட்டால் பேசிப் பாருங்கள். மூச்சு வாங்காமல் ஒரு முழு வாக்கியம் வரவேண்டும். இரண்டு சொல்லிலேயே நின்றுபோனால் வேகம் கூடிவிட்டது.

சிங்கப்பூரில் சாங்கி கரையோரச் சாலையில் மட்டுமே பயிற்சி செய்தவர்களுக்கு லங்காவியின் ஏற்றங்கள் பொல்லாதவை. ஏற்றத்தில் எழுந்துநின்று மிதிக்கத் தோன்றும். சின்ன கியருக்கு மாற்றி உட்கார்ந்தே ஏறுங்கள். நாலு பேர் தாண்டிப் போவார்கள், போகட்டும்.

சாப்பாட்டுக்குக் கடிகாரத்தில் மணி அடிக்க வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து என்பது நல்ல தொடக்கம். பழகிய வயிறு 90 கிராம்வரை ஏற்கும். பசித்த பிறகு சாப்பிடலாம் என்றிருந்தால் ரொம்பத் தாமதம்.

ஓட்டத்தில் முதல் 5 கிலோமீட்டர்தான் ஏமாற்றும். சைக்கிள் வேகத்துக்குப் பழகிய மனத்துக்கு எந்த ஓட்டமும் ஆமை வேகமாகத் தெரியும். அங்கே கடிகாரத்தைத்தான் நம்பவேண்டும். நீர் நிலையங்கள் பெரும்பாலும் 2 கிலோமீட்டருக்கு ஒன்று இருக்கும். கிலோமீட்டருக்கு 7 நிமிடம் 40 விநாடி வேகத்தில் ஓடி, ஒவ்வொரு நிலையத்திலும் 40 விநாடி நடந்து, குடித்து, தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டாலும் சராசரி 8 நிமிடம்தான். நடப்பது தோல்வி இல்லை. முதல் நிலையத்திலிருந்தே நடப்பவர் 35ஆவது கிலோமீட்டரிலும் ஓடிக்கொண்டிருப்பார்.

முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியுமா?

முடியும். போட்டிக்கு நான்கைந்து வாரம் முன்பு, திட்டமிட்ட அதே வேகத்தில் ஐந்து மணி நேரம் சைக்கிள் ஓட்டுங்கள். போட்டியில் சாப்பிடப்போவதையே சாப்பிடுங்கள். இறங்கியவுடன் 40 நிமிடம் ஓடுங்கள். 7 நிமிடம் 40 விநாடி வேகம் சிரமமில்லாமல் வந்தால் திட்டம் சரி. வராவிட்டால் சைக்கிள் வேகத்தில் மணிக்கு ஒரு கிலோமீட்டரைக் குறைத்து மறுபடி சோதித்துப் பாருங்கள்.

எப்போது நிற்கவேண்டும்?

நெஞ்சுவலி, நேராக நடக்க முடியாமை, பேச்சு குழறுவது, எங்கே இருக்கிறோம் என்பதே புரியாமை. இவற்றில் எது வந்தாலும் உடனே மருத்துவக் குழுவிடம் போங்கள். வியர்த்துக்கொண்டிருந்தாலும் வெப்பத் தாக்கம் வரலாம். "வியர்க்குது, அதனால பயமில்ல" என்பது தவறான ஆறுதல்.

டயர் பஞ்சரானால் பதற்றம் வேண்டாம். சைக்கிளோட்டத்தை முடிக்கப் பொதுவான கெடு, போட்டி தொடங்கியதிலிருந்து 10 மணி 30 நிமிடம். மேலே போட்ட கணக்குப்படி நீங்கள் 9 மணி 9 நிமிடத்தில் வந்துவிடுவீர்கள். 81 நிமிடம் கையில் இருக்கிறது. டயரை மாற்றப் போன 15 நிமிடத்தை விரட்டிப் பிடிக்கத் தேவையே இல்லை. கெடு நேரங்கள் போட்டிக்குப் போட்டி மாறும் என்பதால் ஏற்பாட்டாளர் தரும் கையேட்டில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.