லெப்டின்: கொழுப்பு அனுப்பும் சேதி, சிறுநீரகம் அழிக்கும் சேதி

டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் இருக்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது: "இவரு சரியாவே சாப்பிட மாட்டேங்கிறாரு." பத்தியச் சாப்பாடு பிடிக்கல, மனசு சரியில்ல, பிடிவாதம் என்று நாமே காரணமும் சொல்லிவிடுகிறோம். உடம்புக்குள் இன்னொரு காரணமும் இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கண்டறிந்த கதை, சுண்டெலிகளிடமிருந்து தொடங்குகிறது.

1949-ல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் உள்ள ஜாக்சன் ஆய்வகத்தில், ஓயாமல் தின்று பருத்துப்போகும் ஒரு சுண்டெலி வகை தென்பட்டது. அதற்கு 'ஓபி' என்று பெயர். 1960-களில் அதேபோல் பருக்கும் 'டிபி' என்ற இன்னொரு வகையும் கிடைத்தது. டக்ளஸ் கோல்மன் என்பவர் இரண்டு எலிகளின் ரத்த ஓட்டத்தை ஒட்டித் தைத்துப் பார்த்தார். டிபி எலியோடு இணைத்த சாதாரண எலி, தீனி இருந்தும் தின்னாமல் பட்டினி கிடந்து செத்தது. ஓபி எலிக்கும் அதே கதிதான். கோல்மன் போட்ட கணக்கு எளிமையானது: 'போதும்' என்று சொல்லும் ஏதோ ஒரு பொருள் ரத்தத்தில் ஓடுகிறது. ஓபி எலிக்கு அதைச் சுரக்கத் தெரியாது. டிபி எலிக்கு அது காதில் விழாது.

அந்தப் பொருளின் மரபணுவை 1994-ல் ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு கண்டுபிடித்தது. அதைச் சுரப்பது கொழுப்புத் திசு! சும்மா கிடக்கும் கிடங்கு என்று நினைத்திருந்த கொழுப்பு, மூளைக்குச் சேதி அனுப்புகிறது. 'மெலிந்த' என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து லெப்டின் என்று பெயர் வைத்தார்கள். எடை குறைக்கும் மருந்தாக்கும் ஆசையில் ஆம்ஜென் நிறுவனம் 2 கோடி டாலர் கொடுத்து உரிமம் வாங்கியது. ஆனால் பருமனான பெரும்பாலோரின் ரத்தத்தில் லெப்டின் ஏற்கெனவே அதிகமாகத்தான் இருந்தது. சேதி போகிறது, மூளைதான் கேட்பதில்லை. ஊசி போட்டும் பெரிதாகப் பலனில்லை.

இதே சமயத்தில்தான் சிறுநீரக மருத்துவர்கள் உள்ளே வருகிறார்கள். லெப்டின் ஒரு சின்னப் புரதம். சிறுநீரகம் அதை வடிகட்டி, வடிகட்டிக்கு அடுத்துள்ள நுண்குழாய்ச் செல்களில் உடைத்துவிடுகிறது. சிறுநீரகம் பழுதானால்? 1990-களின் பின்பாதியில் வந்த ஆய்வுகளில், டயாலிசிஸ் நோயாளிகள் பலருக்கு, அவர்கள் உடலில் உள்ள கொழுப்பின் அளவோடு ஒப்பிட்டால், லெப்டின் மிக அதிகமாக இருந்தது. நுண்துளை சிறிதாக உள்ள பழைய டயாலிசிஸ் வடிகட்டிகளால் அதை வெளியேற்ற முடிவதில்லை.

மென்பொருள்காரனான எனக்கு இது உடனே புரிந்தது. க்யூவில் மெசேஜ் குவிந்திருந்தால், அனுப்புகிறவர் நிறைய அனுப்புகிறார் என்று மட்டும் அர்த்தமில்லை. எடுத்துத் தீர்க்கிறவர் படுத்திருக்கலாம். உடம்பில் கொழுப்பு கரைந்துகொண்டே இருக்கும்போதும், 'கிடங்கு நிரம்பிவிட்டது, போதும்' என்ற சேதி மூளைக்குப் போய்க்கொண்டே இருக்கிறது.

2005-ல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் இதை எலிகளில் சோதித்தார்கள். சிறுநீரகத்தின் பெரும்பகுதியை வெட்டி எடுத்தபின் சாதாரண எலிகள் பசி குன்றி, உடம்பு உருகின. லெப்டின் காதில் விழாத, கோல்மனின் அதே டிபி எலிகள் அப்படி உருகவில்லை. அதற்கு முன்பே, 1999-ல், லெப்டின் சிறுநீரக வடிகட்டியின் செல்களைத் தூண்டித் தழும்பேற வைக்கக்கூடும் என்று இன்னொரு குழு காட்டியிருந்தது. அப்படியென்றால் பழுதான சிறுநீரகத்தில் தேங்கும் பொருளே அதை மேலும் பழுதாக்கலாம்.

எலிக்குச் சரி, மனிதருக்கு? அங்கே இவ்வளவு நேர்க்கோடாக இல்லை. டயாலிசிஸ் நோயாளிகளில் பசி குறைய அழற்சி, ரத்தத்தில் அமிலத்தன்மை, தேங்கும் மற்ற கழிவுகள் என்று பல காரணங்கள் சேர்கின்றன. லெப்டின் குறைவாக இருந்தவர்களே அதிகம் இறந்ததாகக் காட்டும் ஆய்வும் உண்டு. கொழுப்பே மிச்சமில்லாத உடம்பில் லெப்டினும் குறையும்தானே. ஆகவே லெப்டினை மட்டும் குற்றவாளியாக்க முடியாது.

ஆனாலும் இந்த வரலாறு ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது. பருமனானவரைப் பார்த்து 'வாயைக் கட்டத் தெரியல' என்கிறோம். டயாலிசிஸ் செய்பவரைப் பார்த்து 'பிடிவாதம்' என்கிறோம். இரண்டு இடத்திலும் பசியை நிர்ணயிப்பதில் மன உறுதியைத் தாண்டி ரத்தத்தில் ஓடும் ஒரு சேதிக்கும் பங்கு இருக்கிறது. உங்கள் வீட்டில் ஒருவருக்குப் பசி குறைந்து உடம்பு இளைத்தால், அவரை அதட்டுவதில் பயனில்லை. அதை ஒரு நோய்க்குறியாக எடுத்து மருத்துவரிடம் சொல்லுங்கள்.