கனரக வாகனக் கம்மியர் பயிற்சி: தனியார் பணிமனையையும் கட்டுப்படுத்தும் 3ஏ பிரிவு

தனியார் துறையில் இடஒதுக்கீடு வேண்டும் என்று நாம் நெடுங்காலமாக முழங்கி வருகிறோம். அம்முழக்கத்தின் நியாயத்தில் ஐயமில்லை. ஆனால், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இடம் ஒதுக்குமாறு தனியார் முதலாளியையும் கட்டாயப்படுத்தும் ஒரு சட்டப்பிரிவு 1973ஆம் ஆண்டின் திருத்தத்திலேயே வந்துவிட்டது என்பதை நம்மில் பலர் அறியோம். அது 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்திலுள்ள 3ஏ பிரிவு. அது வேலைக்கான ஒதுக்கீடு அன்று. வேலையைக் கற்கும் இடத்திற்கான ஒதுக்கீடு. லாரி, பேருந்து, டிப்பர், பொக்லைன் ஆகியவற்றைப் பழுதுநீக்கும் தொழிலை முன்வைத்து, அப்பிரிவு எதுவரை செல்கிறது, எங்கே நின்றுவிடுகிறது என்பதை இங்கே விளக்குகிறோம்.

இத்தொழிலுக்குள் நுழைய இரண்டு வாசல்கள் உள்ளன. ஒன்று அரசு தொழிற்பயிற்சி நிலையம். பத்தாம் வகுப்புத் தேறியவர் ஓராண்டுக் கம்மியர் (டீசல்) பிரிவிலோ, ஈராண்டுக் கம்மியர் (மோட்டார் வாகனம்) பிரிவிலோ சேரலாம். முதலாவதில் எஞ்சினைப் பிரித்துக் கோத்தல், எரிபொருள் பம்பு, இன்ஜெக்டர், குளிர்விப்பு, உயவு ஆகியவை கற்பிக்கப்படுகின்றன. இரண்டாவதில் இவற்றோடு கியர்பெட்டி, பிரேக், ஸ்டீயரிங், சேசிஸ் என வாகனம் முழுவதும் பாடமாகிறது. இறுதியில் அகில இந்தியத் தொழிற்தேர்வு. தேறியவருக்குத் தேசியத் தொழிற்சான்றிதழ். தமிழக அரசு நிலையங்களில் பயிற்சிக் கட்டணம் இல்லை. சேர்க்கையில் பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடும், அதற்குள் 2009 முதல் அருந்ததியருக்கு 3 விழுக்காடும் ஒதுக்கப்படுகின்றன. (கைவினைஞரைக் குறித்த பழஞ்சொல்லான 'கம்மியர்' என்பதை அரசு இத்தொழிலுக்குப் பெயராக வைத்திருக்கிறது. சாதிவழியாகக் கைமாறிய தொழில்களின் வாசனை வீசும் அச்சொல் இன்று சேரியிலிருந்து வரும் மாணவரின் சான்றிதழில் அச்சாகிறது என்பதில் எங்களுக்கு ஒரு சிறு மகிழ்ச்சி உண்டு.)

மற்றொரு வாசல் சாலையோரப் பட்டறை. சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு என லாரியும் ரிக் வண்டியும் பெருகிய ஊர்களில் தொழில் கற்றோரில் பெரும்பாலோர் இவ்வழியே வந்தவர்கள். ஸ்பேனர் எடுத்துக் கொடுத்து, கிரீஸ் துடைத்து, வண்டிக்கடியில் படுத்துக் கற்ற கல்வி அது. அதை இழிவாகக் கருத நாங்கள் அணியமாக இல்லை. எஞ்சினின் ஓசையைக் கேட்டே குறையைச் சொல்லும் மேஸ்திரிகளை நாங்கள் அறிவோம். ஆனால் அங்கே பையனைச் சேர்ப்பதற்கு உறவோ அறிமுகமோ வேண்டும். பம்பையும் கியர்பெட்டியையும் யார் கையில் கொடுப்பது, யாரைக் கடைசிவரை கழுவுவதற்கே வைத்திருப்பது என்பதை முதலாளி தம் மனம்போல் முடிவுசெய்கிறார். எதுவும் எழுத்தில் இருப்பதில்லை. எனவே எதையும் கேள்வி கேட்கவும் இயலுவதில்லை.

இவ்வேறுபாடு 2020 ஏப்ரல் 1க்குப் பின் கூர்மையடைந்தது. அன்றுமுதல் விற்கப்படும் புதிய லாரிகளுக்குப் பாரத் நிலை 6 மாசு விதி கட்டாயமாயிற்று. புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி, நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்க யூரியாக் கரைசல் தெளிக்கும் அமைப்பு, அவற்றைக் கண்காணிக்கும் சென்சார்கள் எனப் பலவும் வண்டிக்குள் புகுந்தன. குறை இப்போது ஓசையாக வருவதைவிடக் குறியீட்டு எண்ணாக வருவதே அதிகம். அதைப் படிக்க ஸ்கேனர் கருவியும் அதற்கான பயிற்சியும் வேண்டும். இவ்விரண்டும் பெரும்பாலும் நிறுவனங்களின் சேவை மையங்களிலேயே உள்ளன. பழைய லாரிகள் கழியக் கழியச் சாலையோரப் பட்டறையில் மட்டும் கற்றவரின் சந்தை சுருங்கும். ஆகவே சேவை மையத்தினுள் அமர்ந்து கற்கும் இடம் யாருக்குக் கிடைக்கிறது என்பது வெறும் உதவித்தொகைக் கேள்வி அன்று.

அவ்விடத்தைத்தான் தொழிற்பழகுநர் சட்டம் நெறிப்படுத்துகிறது. 2019ஆம் ஆண்டின் விதித் திருத்தப்படி 30 பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் நிறுவனம், ஒப்பந்தத் தொழிலாளரையும் சேர்த்துக் கணக்கிட்ட மொத்த எண்ணிக்கையில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநரை எடுத்தாக வேண்டும். 200 பேர் பணிபுரியும் லாரி சேவை நிறுவனத்திற்கு இது குறைந்தது ஐந்து பேர். நான்கு முதல் 29 பேர் வரை உள்ள இடங்களுக்கு இது விருப்பம். நால்வருக்கும் குறைந்த பட்டறை இச்சட்டத்திற்கு வெளியே நிற்கிறது. தொழிற்சான்றிதழ் பெற்ற பழகுநருக்கு அதே திருத்தம் மாதம் 7,000 ரூபாயைக் குறைந்தபட்ச உதவித்தொகையாக நிர்ணயித்தது.

3ஏ பிரிவு, ஒவ்வொரு வரையறுக்கப்பட்ட தொழிற்பிரிவிலும் முதலாளி பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பயிற்சி இடங்களை ஒதுக்க வேண்டும் என்கிறது. 'முதலாளி' என்ற சொல்லில் அரசு, தனியார் என்ற பேதமில்லை. எத்தனை இடம் என்பதை அந்தந்த மாநிலத்தில் இவ்விரு பிரிவினரின் மக்கள்தொகையைக் கருத்தில்கொண்டு விதிகள் வகுக்க வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் ஏறத்தாழ 20 விழுக்காட்டினர். ஒன்றைக் குறிப்பிட வேண்டும்: மாநிலத்தின் அருந்ததியர் உள்ஒதுக்கீடு இந்த மத்தியச் சட்டத்தினுள் வருவதில்லை. அருந்ததியர் செறிந்து வாழும் மேற்கு மாவட்டங்களே லாரித் தொழிலின் களமாகவும் இருப்பதால், இவ்விடைவெளி சிறியதன்று.

பிரிவின் பெரிய ஓட்டை 2014ஆம் ஆண்டின் திருத்தத்தில் விழுந்தது. 'விருப்பத் தொழிற்பிரிவு' என்ற புதிய வகையை அது கொண்டுவந்தது. அதன் பாடத்தையும் தகுதியையும் முதலாளியே தீர்மானிக்கலாம். 3ஏ பிரிவோ 'வரையறுக்கப்பட்ட தொழிற்பிரிவு' என்ற பழைய சொல்லோடே நிற்கிறது. ஒரே பணிமனையில், ஒரே எஞ்சினின் முன் நிற்கும் பழகுநரை எந்த வகையில் பதிவுசெய்வது என்பதைப் பொறுத்து ஒதுக்கீடு தோன்றும் அல்லது மறையும். கம்மியர் (டீசல்) சான்றிதழுடன் எங்கள் அலுவலகத்திற்கு வந்த ஓர் இளைஞரின் ஒப்பந்தத்தைப் படித்தபோதுதான் இதன் பொருள் எங்களுக்கு முழுமையாக விளங்கியது. அவர் செய்தது முழுக்க டீசல் கம்மியர் பணி. ஒப்பந்தத்திலோ வாகனச் சேவை உதவியாளர் என்னும் பொருள்படும் ஒரு விருப்பப் பிரிவு. அந்த ஆண்டு அங்கே எடுக்கப்பட்ட அனைவரும் அப்படியே பதிவாகியிருந்தனர். கையெழுத்திடும்போது அந்த வரியை அவர் படிக்கவில்லை. படித்திருந்தாலும் புரிந்திருக்காது என்றார். அதே 2014 திருத்தம் முதலாளிகளுக்கான சிறைத்தண்டனையையும் நீக்கியது. பழகுநர் எண்ணிக்கை குறைந்தால் ஓரிடத்திற்கு மாதம் 500 ரூபாய், மூன்று மாதங்களுக்குப் பின் 1,000 ரூபாய் அபராதம் என்று வைத்தது. பழகுநருக்குத் தரவேண்டிய உதவித்தொகையைவிட அபராதம் மலிவு.

பழகுநர் 'தொழிலாளர் அல்லர்' என்று 18ஆம் பிரிவு கூறுவதைக் காட்டிப் பலரை வாயடைக்கச் செய்கின்றனர். அது பாதி உண்மை. பணிமனையின் உடல்நல, பாதுகாப்பு விதிகள் 14ஆம் பிரிவின் வழியே அவருக்கும் பொருந்தும். பயிற்சியில் நேரும் காயத்திற்கு இழப்பீடு தரும் பொறுப்பை 16ஆம் பிரிவு முதலாளியின்மேல் வைக்கிறது. முட்டுக் கொடுக்காமல் தூக்கி நிறுத்திய டிப்பர் தொட்டி இறங்கினாலும், காற்றேற்றும்போது சக்கரத்தின் பூட்டு வளையம் தெறித்தாலும், பெரும்பாலும் அருகில் நிற்பவர் வயதில் இளையவரே. ஆனால் இப்பாதுகாப்பு அனைத்தும் பதிவுபெற்ற ஒப்பந்தத்திலிருந்து பிறப்பது. 'முதலில் சேர், காகிதம் பிறகு' என்ற சொல்லை ஏற்கக் கூடாது.

மாணவர் அமைப்புகள் செய்யக்கூடியது என்ன? ஒப்பந்தத்தில் தொழிற்பிரிவு எந்த வகை என்று கையெழுத்துக்கு முன் பார்க்க வேண்டும். அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனைகளிடம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் நேரடியாகவே கேட்கலாம்: பிரிவுவாரியாக எத்தனை பழகுநர், அவர்களுள் பட்டியல் சாதியினர் எத்தனை பேர், பழங்குடியினர் எத்தனை பேர்? தனியார் நிறுவனமெனில் அதே கேள்வியைத் தொழிற்பழகுநர் ஆலோசகர் அலுவலகத்திடம் கேட்க வேண்டும். பட்டறையில் கற்றவர்கள், பணி அனுபவமுள்ளோருக்கான தனித்தேர்வர் அறிவிப்பை வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறையிடமிருந்து எதிர்நோக்கலாம்; அதற்கு அனுபவச் சான்று தேவைப்படும் என்பதால், பட்டறை முதலாளியுடன் மனக்கசப்பு வருமுன் அதை எழுதி வாங்கிவிடுவது நல்லது.

ஒப்பந்தத்திலிருந்து எழும் தகராறு 20ஆம் பிரிவின்படி ஆலோசகரிடம் செல்லும். அவர் முடிவு கிடைத்த 30 நாட்களுக்குள் தொழிற்பழகுநர் குழுமத்திடம் மேல்முறையீடு செய்யலாம். இடமே ஒதுக்கப்படாதபோது ஒப்பந்தம் இராது. எனவே 20ஆம் பிரிவும் உதவாது. அப்போது ஆலோசகருக்கு எழுத்துமூலப் புகார் அளித்து ஒப்புகையைப் பெற வேண்டும். அவர் வாளாவிருந்தால், கடமையைச் செய்யுமாறு ஆணையிடக் கோரி உயர் நீதிமன்றத்தில் 226ஆம் உறுப்பின்கீழ் நீதிப்பேராணை மனு தாக்கல் செய்யலாம். அம்மனுவில் எதிர்மனுதாரராக முதலில் வர வேண்டியவர் நிறுவனம் அன்று, ஆலோசகரே.