பனியில் ஒருவர், பனைநிலத்தில் ஒருவர்

1987 ஜூன் 26. சியாச்சினில் ஏறத்தாழ 21,000 அடி உயரத்திலிருந்த பாகிஸ்தான் காவலரண் ஒன்றை நாயப் சுபேதார் பாணா சிங் பிடித்தார். அதே ஆண்டு நவம்பர் 25 இரவு, யாழ்ப்பாணத்தில் கந்தரோடைப் பக்கம் மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் போரில் இறந்தார். இருவருக்கும் இந்தியாவின் மிக உயர்ந்த போர்க்கள வீர விருதான பரம வீர சக்கரம் கிடைத்தது.

பாணா சிங்குக்குத் தான் எங்கே போகிறோம் என்பது தெரியும். முந்தைய மாதம் அந்தக் காவலரண் இருந்த சிகரத்துக்கு வழிதேடிப் போன செகண்ட் லெப்டினன்ட் ராஜீவ் பாண்டே சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். தெரிந்தே நால்வரோடு செங்குத்தான பனிச்சுவரில் ஏறினார். பதுங்குகுழிக்குள் கையெறிகுண்டை வீசிக் கதவைச் சாத்தினார். சிகரத்துக்கு இன்று அவர் பெயர்.

பரமேஸ்வரனுக்கு யோசிக்கவே அவகாசமில்லை. தேடுதல் முடித்துத் திரும்பும் வழியில் விடுதலைப்புலிகள் மறைந்திருந்து தாக்கினார்கள். மார்பில் குண்டு பாய்ந்த பிறகும் எதிரியின் துப்பாக்கியைப் பறித்து அவரைச் சுட்டு வீழ்த்தினார். மூச்சு நிற்கும்வரை தன் ஆட்களுக்கு ஆணையிட்டார். துணிச்சலை மட்டும் பார்த்தால், இதையே அரிதென்பேன்.

ஆனாலும் தமிழில் இதை எழுதக் கை தயங்குகிறது. பம்பாயில் பிறந்த தமிழர் அவர்; 1972-இல் சென்னைப் பயிற்சி மையத்திலிருந்து அதிகாரியாக வெளிவந்தவர். பனிமலையில் ஊரில்லை, குழந்தைகளில்லை. யாழ்ப்பாணத்தில் வீடு வீடாக மக்கள் இருந்தார்கள். அமைதி காக்க வந்த இந்தியப் படை அக்டோபரில் புலிகளுடன் போரில் இறங்கியது. அந்த மாதமே யாழ்ப்பாண மருத்துவமனையில் நோயாளிகளும் மருத்துவர்களும் செவிலியர்களும் அப்படையினர் சுட்டதில் இறந்தார்கள். அந்தக் காயத்தைச் சுமப்பவர்களிடம் பரமேஸ்வரனைப் போற்றச் சொல்லும் உரிமை நமக்கில்லை. அதற்காக, அனுப்பிய அரசின் முடிவை அவர் தலையில் ஏற்றி அவரை மறப்பதும் நியாயமாகாது. 1990 மார்ச்சில் அப்படை சென்னை திரும்பியபோது தமிழக முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. ஈழத்தமிழருக்காக எழுந்த அந்த மறுப்பின் நிழல் இறந்தவர்மீதும் விழுந்தது.

உயிரோடு திரும்பியவருக்கும் உரிய மரியாதை தானாக வந்துவிடவில்லை. கௌரவ கேப்டனாக 2000-இல் ஓய்வுபெற்ற பாணா சிங்குக்கு ஜம்மு காஷ்மீர் அரசு விருதுக்காகத் தந்த உதவித்தொகை பல ஆண்டுகள் மாதம் 200 ரூபாயைக்கூட எட்டவில்லை. தங்கள் மாநிலத்துக்குக் குடிவந்தால் பல மடங்கு தருவதாகப் பஞ்சாப் அரசு அழைத்தது. சொந்த மண்ணை விட்டுப்போக அவர் சம்மதிக்கவில்லை.