எண்ணும் திரையும்: கொல்கத்தாவில் கைபேசி விசுவாசத்தின் வரலாறு

1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவின் ரைட்டர்ஸ் பில்டிங்கிலிருந்து மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு, புது டில்லியின் சஞ்சார் பவனில் இருந்த மத்தியத் தகவல் தொடர்பு அமைச்சர் சுக் ராமுடன் பேசினார். இந்தியாவின் முதல் செல்பேசி அழைப்பாகப் பதிவாகியிருப்பது இதுவே. கருவி நோக்கியாவுடையது. சேவையை வழங்கியது இந்தியாவின் மோடி குழுமமும் ஆஸ்திரேலியாவின் டெல்ஸ்ட்ராவும் கூட்டாகத் தொடங்கிய மோடி டெல்ஸ்ட்ரா நிறுவனம். சேவையின் பெயர் ‘மொபைல்நெட்’. இன்று மோடி டெல்ஸ்ட்ராவும் இல்லை, மொபைல்நெட்டும் இல்லை. நோக்கியா என்பது கைபேசிச் சந்தையில் வேறொரு நிறுவனம் உரிமம் பெற்று ஒட்டும் முத்திரையாகச் சுருங்கியது. நகரமும் 2001 முதல் கொல்கத்தா ஆயிற்று.

பெயர்கள் இவ்வாறு அடுத்தடுத்து மறைந்த ஒரு துறையில்தான் ‘பிராண்ட் விசுவாசம்’ என்ற சொல் மிக அதிகமாகப் புழங்குகிறது. சந்தை ஆய்வுகள் அதை வாடிக்கையாளரின் மனப்பாங்காகக் கொண்டு அளவிடுகின்றன. ஒருவர் அடுத்த கருவியையும் அதே நிறுவனத்திடம் வாங்கினால் அவர் விசுவாசி. வேறிடம் போனால் விசுவாசம் குறைந்தவர். கொல்கத்தாவின் முப்பது ஆண்டுக் கைபேசி வரலாறு இந்த அளவுகோலை ஐயுற வைக்கிறது. ஒருவர் ஓரிடத்தில் தங்கினார் என்பதிலிருந்து அவருக்கு அவ்விடம் பிடித்திருந்தது என்று முடிவுகட்ட இயலாது. வெளியேறும்போது எதையெல்லாம் இழக்க வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

முதற்கட்டத்தில் இழப்புக்குரியதாக இருந்தது தொலைபேசி எண். 1994இல் நான்கு பெருநகரங்களுக்கும் தலா இரண்டு நிறுவனங்கள் வீதம் உரிமம் அளிக்கப்பட்டது. சென்னையில் அவை ஆர்பிஜி செல்லுலாரும் ஸ்கைசெல்லும். கல்கத்தாவில் மோடி டெல்ஸ்ட்ராவும் ‘கமாண்ட்’ என்ற பெயரில் சேவை நடத்திய உஷா மார்ட்டினும். தொடக்கத்தில் நிமிடக் கட்டணம் நேரத்தைப் பொறுத்து 8.40 ரூபாயிலிருந்து 16.80 ரூபாய் வரை இருந்தது. வரும் அழைப்புக்கும் பணம் கட்ட வேண்டும். அந்நாளில் செல்பேசி எண் என்பது வணிகரின் பெயரட்டையிலும் மருத்துவரின் சீட்டிலும் அச்சேறிய முகவரி. நிறுவனத்தை மாற்றினால் எண் போய்விடும். எண் போனால் அந்த முகவரியைத் தேடி வருபவர்களும் போய்விடுவார்கள்.

ஆகவே சந்தாதாரர் தங்கினார், நிறுவனங்கள் மாறின. மோடி டெல்ஸ்ட்ரா ஸ்பைஸ் ஆகி, 2001இல் ஏர்டெல்லின் தாய் நிறுவனமான பார்தியின் கைக்குச் சென்றது. உஷா மார்ட்டினின் சேவை ஹட்சிசனிடம் போய் ‘ஹட்ச்’ ஆயிற்று. 2007இல் வோடஃபோன், 2020இல் ‘வி’. 1990களின் பிற்பகுதியில் கமாண்ட் எண் வாங்கிய ஒருவர் அதைக் கைவிடாமலே நான்கு வணிகப்பெயர்களின் வாடிக்கையாளராகியிருக்க முடியும். இவரை எந்தப் பெயரின் விசுவாசி என்று வகைப்படுத்துவது? அவருடைய பற்று பத்து இலக்கங்களின் மீது மட்டுமே இருந்தது.

இரண்டாம் கட்டத்தில் எண்ணோடு கருவியும் பிணைக்கப்பட்டது. 2003இல் ரிலையன்ஸ் இன்ஃபோகாம் ‘மான்சூன் ஹங்காமா’ திட்டத்தின்வழி 501 ரூபாய் முன்பணத்துக்குக் கைபேசி தந்தது. அது சிடிஎம்ஏ தொழில்நுட்பம். கழற்றி மாற்றக்கூடிய சிம் அட்டை அந்தக் கருவிகளில் இல்லை. இந்தியாவில் ஒன்றோடொன்று பொருந்தாத இரு தளங்கள் பொதுமக்கள் அளவில் மோதிக்கொண்டது இதுவே முதல்முறை எனலாம். ஜிஎஸ்எம் பயனர் நோக்கியாவிலிருந்து மோட்டோரோலாவுக்கு மாறும்போது அட்டையை எடுத்துச் செருகினால் போதும். எண்ணும், அட்டையில் பதிந்திருந்த சில நூறு பெயர்களும் உடன்வரும். சிடிஎம்ஏ பயனர் வெளியேற விரும்பினால் எண்ணையும் கருவியையும் ஒருங்கே கைவிட வேண்டும். மலிவாக உள்ளே நுழைந்தவருக்கு வெளியேறும் வாசல் விலை உயர்ந்ததாக இருந்தது.

நோக்கியாவின் செல்வாக்கையும் இதே நோக்கில் அணுகலாம். 2003இல் வெளிவந்த 1100 மாதிரி டார்ச் விளக்கும் தூசி புகாத விசைப்பலகையும் கொண்டது. உலகெங்கும் 25 கோடிக்கு மேல் விற்றது. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. கொல்கத்தாவின் சாந்தினி சவுக்கிலும் கிதிர்பூர் ஃபேன்சி மார்க்கெட்டிலும், சென்னையின் ரிச்சி தெருவிலும் பர்மா பஜாரிலும் உள்ளதைப் போன்ற உதிரிபாக, பழுதுநீக்குப் பொருளாதாரம் இயங்கியது. பெருவாரியாக விற்கும் கருவிக்கே பேட்டரியும் மேலுறையும் எளிதாகக் கிடைக்கும். வீட்டில் இருக்கும் சார்ஜர் அடுத்த கருவிக்கும் பொருந்தும். நோக்கியாவின் மீதிருந்த நம்பிக்கையில் ஒரு பகுதி உண்மையில் கடைத்தெருவின் மீதிருந்த நம்பிக்கை.

இங்கே வாடிக்கையாளர் என்பவர் தனிமனிதராகவும் இருக்கவில்லை. மேற்கு வங்கத்தின் பாங்குரா மாவட்டச் சிற்றூர் ஒன்றில் நீண்டகாலக் களப்பணி செய்த மானிடவியலாளர் சிர்ப்பா டென்ஹுனென், கைபேசி அங்கு குடும்பத்தின் பொதுப்பொருளாகப் பகிரப்பட்டதை 2018இல் வெளிவந்த தம் நூலில் விவரிக்கிறார். ஒரு கருவியைப் பலர் பயன்படுத்தும் வீட்டில் மாற்றம் என்பதும் பலருடைய ஒப்புதலோடு நடப்பதே. மறுபுறம், ஒரே கருவியில் இரு நிறுவனங்களின் அட்டைகளைச் செருகும் இரட்டைச் சிம் வசதி வந்தது. கட்டணம் குறைந்த அட்டையில் பேசுவது, பழைய எண்ணில் அழைப்பை ஏற்பது என்று மக்கள் விசுவாசத்தையே இரண்டாகப் பகிர்ந்துகொண்டனர். நோக்கியா இவ்வகைக் கருவிகளுக்கு 2010–11இல்தான் வந்தது. அதற்குள் மைக்ரோமேக்ஸ், கார்பன் முதலிய இந்தியப் பெயர்கள் அவ்விடத்தில் ஊன்றிவிட்டிருந்தன.

2011 ஒரு திருப்புமுனை. அவ்வாண்டு ஜனவரி 20 முதல் எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றும் உரிமை நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. ஜோதி பாசுவின் அழைப்பிலிருந்து எண்ணினால் இதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. அடுத்த மாதமே நோக்கியா தன் சிம்பியன் இயங்குதளத்தை விட்டு மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் ஃபோனுக்கு மாறுவதாக அறிவித்தது. பெயரைக் கைவிடாத நோக்கியா வாடிக்கையாளரும் இனித் தளத்தை மாற்றியே ஆக வேண்டும் என்றாயிற்று. பெயரும் தளமும் வெவ்வேறு என்பது அப்போதுதான் பொதுப்பயனருக்குப் புலப்பட்டது.

அவ்வேளையில் மக்களை நகர்த்திய கண்கூடான காரணங்களுள் முதன்மையானது திரையின் அளவு. 2007இல் வெளிவந்த முதல் ஐபோனின் திரை 3.5 அங்குலம்; 2008 ஆகஸ்டில் இந்தியாவுக்கு வந்த ஐபோன் 3ஜி-யும் அதே அளவு. 2010இல் ஸ்டீவ் ஜாப்ஸ், கையால் சுற்றிப் பிடிக்க முடியாத பெரிய கைபேசியை யாரும் வாங்கப்போவதில்லை என்ற கருத்தை வெளிப்படையாகச் சொன்னார். 2011இல் சாம்சங் 5.3 அங்குலத் திரையுடன் கேலக்ஸி நோட்டைக் கொண்டுவந்தது. 2012 இறுதியில் மைக்ரோமேக்ஸ் கேன்வாஸ் 2, ஐந்து அங்குலத் திரையைச் சுமார் 10,000 ரூபாய்க்குத் தந்தது. ஜாப்ஸின் கருத்து, வீட்டில் மடிக்கணினியும் மேசைக்கணினியும் உள்ளவருக்குப் பொருந்தக்கூடியது. கைபேசியே முதல் கணினியாகவும், சில வீடுகளில் தனக்கென ஒருவர் வைத்திருக்கும் ஒரே தொலைக்காட்சியாகவும் அமைந்த நாட்டில், கையின் வசதியைவிடக் கண்ணின் தேவை பெரிது.

எழுத்தும் இதில் தொடர்புடையது. வங்க எழுத்தின் கூட்டெழுத்துகள் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கப்படுபவை. சிறிய திரையில் அவை மசியாகக் கரைந்துவிடும். தமிழின் சிக்கல் வேறு: அடுக்கு குறைவு, ஆனால் நீண்ட சொற்கள் வரியை மீறும். தொடக்ககால ஆண்ட்ராய்டு கருவிகளில் இந்திய எழுத்துகள் பல வெறும் கட்டங்களாகவே தெரிந்தன. குறுஞ்செய்திகள் ரோமன் எழுத்தில் சென்றன. ஆயினும் பிறர் உருவாக்கும் விசைப்பலகைகளை நிறுவிக்கொள்ள ஆண்ட்ராய்டு 2009 முதலே இடம் தந்தது. ரித்மிக் போன்ற வங்க விசைப்பலகைகள் அவ்வழியே பரவின. ஆப்பிள் அந்த வாசலைத் திறந்தது 2014 செப்டம்பரில் வெளியான ஐஓஎஸ் 8இல்தான். 4.7, 5.5 அங்குலத் திரைகளுடன் ஐபோன் 6 வரிசை வந்ததும் அதே மாதத்தில்தான். அதன் பின்னர், முந்தைய வெளியீடுகளைவிடக் கூடுதலான வீதத்தில் ஆண்ட்ராய்டுப் பயனர்கள் ஐபோனுக்கு வருவதாக டிம் குக் முதலீட்டாளர்களிடம் தெரிவித்தார். கொள்கையை மாற்றிக்கொண்டது வாடிக்கையாளர் அல்லர், நிறுவனம். ஆனால் இந்தியாவில் ஐபோன் 6இன் தொடக்க விலை 53,500 ரூபாய். திரைத்தடை நீங்கினாலும் விலைத்தடை அப்படியே நின்றது.

கொல்கத்தா இன்னொரு முதன்மைக்கும் உரியது. 2012 ஏப்ரல் 10 அன்று ஏர்டெல் இந்தியாவின் முதல் 4ஜி சேவையை இந்நகரில் தொடங்கியது. அச்சேவை முதலில் வந்தது கணினியில் செருகும் டாங்கிள் வழியாகத்தான். அதற்கேற்ற கைபேசிகள் பின்னரே பரவின. அலைவரிசை முன்னே நடந்தது, திரை பின்னால் வந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ தரவுக் கட்டணத்தைச் சரித்தபோது இரண்டும் சந்தித்தன. கைபேசி பார்ப்பதற்கான கருவியாக உறுதிப்பட்டது.

இக்காலத்தில் சாம்சங்கிலிருந்து மைக்ரோமேக்ஸுக்கும், அங்கிருந்து ஷாவ்மிக்கும் மக்கள் தயக்கமின்றி நகர்ந்தனர். சந்தை ஆய்வின் மொழியில் இது விசுவாசச் சரிவு. ஆனால் இந்தப் பெயர்கள் அனைத்துக்கும் அடியில் இருந்தது ஒரே ஆண்ட்ராய்டு. கூகுள் கணக்கைத் திறந்தால் தொடர்பெண்கள் வந்துவிடும், படங்கள் வந்துவிடும். பெயர்மீதான பற்று தளரத் தளர, தளத்தின் பிடி இறுகியது. முன்பு சிம் அட்டையில், பயனரின் விரலிடுக்கில் இருந்த பெயர்ப்பட்டியல் இப்போது தளத்தின் கிடங்கில் இருக்கிறது.

இப்பிடி தற்செயலானதன்று. எபிக் நிறுவனம் ஆப்பிளுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் 2021இல் வெளியான உள்மடல்கள், ஐமெசேஜை ஆண்ட்ராய்டுக்குத் தந்தால் ஐபோன் குடும்பங்கள் பிள்ளைகளுக்கு ஆண்ட்ராய்டு வாங்கித்தரத் தடையேதும் இராது என்று ஆப்பிள் அதிகாரிகள் கவலைப்பட்டதைக் காட்டின. இந்தியாவில் வாட்ஸ்அப் இரு தளங்களுக்கும் பொதுவாக இருந்ததால் அந்தக் கயிறு இங்கே வலுவாக இழுக்கவில்லை. ஆயினும் ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப்பின் பழைய உரையாடல்களை ஐபோனுக்குக் கொண்டுசெல்லும் முறையான வழி 2022இல்தான் வந்தது. அதுவரை தளம் மாறியவர், இறந்துபோன தந்தையின் குரல்பதிவையோ பிள்ளையின் முதல் படத்தோடு வந்த வாழ்த்துகளையோ பழைய கருவியிலேயே விட்டுச்செல்ல நேர்ந்தது. அதற்கு மனமின்றித் தங்கியவரையும் கணக்கேடு விசுவாசி என்றே குறித்துக்கொண்டது.

ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் வெளியிட்ட நூலில், நிறைவில்லாத வாடிக்கையாளருக்கு வெளியேறுதல், குரலெழுப்புதல் என்னும் இரு வழிகளைக் காட்டி, விசுவாசம் அவ்விரண்டையும் எவ்வாறு பாதிக்கிறது என்று ஆராய்ந்தார். வெளியேற முடிந்தும் தங்குவதே விசுவாசம் என்று கொண்டால், 2011க்கு முன் எண்ணுக்காகத் தங்கியவர்களையும், இன்று படங்களுக்காகவும் உரையாடல்களுக்காகவும் தங்குபவர்களையும் அச்சொல்லால் குறிப்பது பிழை. கைபேசி வரலாற்றை எழுதுவோர் விற்பனைப் பங்குகளோடு வெளியேறும் செலவையும் ஆண்டுவாரியாகப் பதிவு செய்வது அவசியம்.

இது ஆய்வுமுறைச் சிக்கல் மட்டுமன்று. எண்ணைச் சந்தாதாரருக்கு உரியதாக்கியது சந்தை அன்று; ஒழுங்குமுறை ஆணை. தரவுக்கும் அத்தகைய உரிமை 2019ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதாவில் இடம்பெற்றிருந்தது: தம் தரவை எடுத்துச்செல்லவும் வேறு சேவைக்கு மாற்றித்தரக் கோரவும் பயனருக்கு உரிமை உண்டு என்றது அது. 2023இல் நிறைவேறிய சட்டத்தில் அவ்வுரிமை இல்லை. எண்ணைத் தன்னுடையதாக்கிக்கொள்ளக் கொல்கத்தாவின் முதல் சந்தாதாரர் பதினைந்து ஆண்டுகள் காத்திருந்தார். தம் நினைவுகளின் பொருட்டு இன்றைய பயனருக்கு அந்தக் காத்திருப்பு இப்போதுதான் தொடங்கியிருக்கிறது.