பாடசாலை விளையாட்டில் நடுநிலை: ஒரு வரலாற்று நோக்கு

பாடசாலைகளுக்கிடையிலான விளையாட்டுப் போட்டிகள் முடிவுறும் காலங்களில் எமது சங்கத்து இளைஞரிடையே ஒரு வழக்கு எழுவதுண்டு. "வசதி படைத்த பெரிய கல்லூரியையும் வசதியற்ற சிறிய பாடசாலையையும் ஒரே இறுதிச் சுற்றில் மோதவிடுவது எவ்வாறு நீதியாகும்? தனியார் பாடசாலைகளை ஒரு பிரிவாகவும் அரசினர் பாடசாலைகளை மற்றொரு பிரிவாகவும் வகுத்துவிட்டால் என்ன?" என்பர் ஒரு சாரார். "தோல்விக்குச் சாக்குத் தேடாதீர்கள், நாங்கள் வெறுங்காலோடு ஓடி வென்றவர்கள்" என்பர் பெரியோர் சிலர். இரு சாராரிடமும் உண்மையின் ஒவ்வொரு பாதி உண்டு என்பது எமது எண்ணம். அரசினர், தனியார் என்னும் பிரிவு எமது நாட்டில் எவ்வாறு உண்டாயிற்று என்பதைச் சற்றே ஆராய்ந்தால், பிரிக்கும் கோட்டை எங்கே கீறவேண்டும் என்பது தெளிவாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிறித்தவ மிசனரிமாரும், அவர்களைத் தொடர்ந்து சைவ, பௌத்த, இஸ்லாமியப் பெரியோரும் இந்நாட்டிற் கல்லூரிகளை நிறுவினர். எமது மாவட்டத்தில், திருகோணமலை நகரில் 1867ஆம் ஆண்டு புனித சூசையப்பர் கல்லூரியும், 1897ஆம் ஆண்டு இந்துக் கல்லூரியும் தோன்றின. இந்துக் கல்லூரியின் நிருவாகம் 1925இல் இராமகிருஷ்ண மிஷனிடம் வந்தது. சுவாமி விபுலாநந்தர் அதன் அதிபராகவும் பணிபுரிந்தார். இத்தகைய பாடசாலைகள் அரசினரின் நன்கொடையைப் பெற்றுக்கொண்டு, தத்தம் சபைகளின் ஆட்சியிலே நடைபெற்றன. 'உதவி பெறும் பாடசாலைகள்' என்று அவற்றை அழைத்தனர். அவை முற்றிலும் அரசினருடையனவும் அல்ல. முற்றிலும் தனியாருடையனவும் அல்ல.

1945 ஒக்டோபர் 1ஆம் திகதி இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. அதற்காக உழைத்த அமைச்சர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா, கிராமத்துப் பிள்ளைகளுக்கென நாடெங்கும் மத்திய கல்லூரிகளையும் அமைத்தார். அப்பொழுது சில கல்லூரிகள் இலவசக் கல்வித் திட்டத்திற் சேராது, கட்டணம் அறவிட்டே நடக்கத் துணிந்தன. பின்னர், பதியுத்தீன் மஹ்மூத் கல்வியமைச்சராயிருந்த காலத்தில், 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டமும் நிறைவேறின. உதவி பெறும் பாடசாலைகளிற் பெரும்பாலானவை அரசினர் வசமாயின. உயர்தரக் கல்லூரிகள் விரும்பின், அரசினரின் உதவியைத் துறந்து தனியாகவே நடக்கலாம் என்ற விதி இருந்தமையாற் சில அவ்வாறே நின்றன. திருகோணமலையின் மேற்கூறிய இரு கல்லூரிகளும் காலப்போக்கில் அரசினர் பாடசாலைகளாயின.

எனவே, ஒரு பாடசாலை எந்தப் பக்கத்தில் நிற்கின்றது என்பது அந்நாளைய முகாமையாளரின் தீர்மானத்தினாலும் சட்டத்தின் ஏற்பாட்டினாலும் நேர்ந்ததேயன்றி, அங்கு ஓடும் பிள்ளையின் கால்வலிமையால் நேர்ந்ததன்று.

இதற்கு யாழ்ப்பாணம் தக்க சான்று. 1904ஆம் ஆண்டில் தொடங்கிய 'வடக்கின் பெருஞ்சமர்' என்னும் துடுப்பாட்டப் போட்டியில் யாழ். மத்திய கல்லூரியும் பரி. யோவான் கல்லூரியும் மோதுகின்றன. இரண்டும் மிசனரிமார் வளர்த்தவை. பின்னாளில் மத்திய கல்லூரி அரசினரிடம் சென்றது, பரி. யோவான் தனியார் கல்லூரியாகவே நிலைத்தது. ஆயினும் போட்டி முறியவில்லை. "நீ அரசு, நான் தனியார்" என்று ஒருவரையொருவர் விலக்கவுமில்லை. கொழும்பில் 1879இல் தொடங்கிய றோயல், தோமியன் கல்லூரிகளின் போட்டியும் அத்தகையதே. றோயல் அரசினருடையது, பரி. தோமாவின் கல்லூரி கட்டணம் அறவிடும் தனியார் கல்லூரி. அவ்விரு கல்லூரிகளுள் எதனையும் வசதியற்றதென்று எவரும் சொல்லார்.

கிழக்கிலும் ஒரு சான்று உண்டு. மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியில் அமெரிக்க இயேசு சபைக் குருமார் கூடைப்பந்தாட்டத்தை ஊன்றி வளர்த்தனர். அக்கல்லூரி இன்று அரசினரின் தேசியப் பாடசாலை. ஆயினும் அதன் கூடைப்பந்தாட்டப் புகழ் நீங்கவில்லை. பயிற்சியும் ஆடுகளமும் மரபும், பெயர்ப்பலகையை மாற்றியதும் மாறிவிடுவனவல்ல.

இனி எமது ஊரை நோக்குவோம். கிண்ணியாவையும் திருகோணமலைப் பக்கத்தையும் இணைக்கும் 396 மீற்றர் நீளமான பாலம் 2009 ஒக்டோபர் 20ஆம் திகதி திறக்கப்பட்டது. அதற்கு முன் ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிச்சென்ற 'பாதை'யே கதி. நகரத்தில் ஒரு போட்டி நடந்தால், துறையிற் காத்திருந்து, கடந்து, பஸ் பிடித்துச் சென்று ஆடவேண்டும்; ஆடி முடித்ததும் கடைசிப் பாதை போய்விடுமோ என்று விரையவேண்டும். எதிரில் நின்ற நகரப் பாடசாலையும் அரசினருடையதே. எமது பாடசாலையும் அரசினருடையதே. ஆயினும் ஒரு பக்கத்துப் பிள்ளை களைப்பின்றி வந்தான். மறுபக்கத்துப் பிள்ளை பாதி வலுவைத் துறையிலே விட்டுவந்தான்.

இன்று பாலம் உண்டு; வேறுபாடு வேறு உருவில் நிற்கின்றது. தேசியப் பாடசாலைகள் மத்திய கல்வியமைச்சின்கீழும், ஏனைய அரசினர் பாடசாலைகள் மாகாணங்களின்கீழும் உள்ளன. 1ஏபி, 1சி, 2, 3 என்னும் வகைகள் எவ்வகுப்புவரை கற்பிக்கப்படுகின்றது என்பதைக் காட்டுமேயன்றி, அங்கே மைதானம் உண்டா, பயிற்றுநர் உண்டா, மாணவர் எத்துணைத் தூரத்திலிருந்து வரலாம் என்பவற்றைக் காட்டா. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிற் பரீட்சையில் தேறியோரும் விளையாட்டிற் சிறந்தோரும் பெரிய கல்லூரிகளை நாடிச் செல்கின்றனர். சிற்றூர்ப் பாடசாலை முளைக்கவைத்த நாற்று வேறொரு வயலிற் கதிர் தள்ளுகின்றது. அப்பிள்ளை செல்வதை நாம் குறைகூறோம், அவன் முன்னேறவேண்டும். ஆனால், அடுத்த ஆண்டு அவனையே எதிரணியில் நிறுத்தி அச்சிற்றூர்ப் பாடசாலையைத் தோற்கடித்துவிட்டு, "உங்கள் முயற்சி போதாது" என்று கூறுவது நடுநிலையாகுமா?

இவ்வழக்கு எமது நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் பல மாநிலங்களில் இது நெடுங்காலச் சர்ச்சை. நியூ ஜேர்சி மாநிலம் இறுதிச் சுற்றுக்களில் அரசினர் பாடசாலைகளையும் ஏனையவற்றையும் பிரித்தே நடத்துகின்றது. இலினோய் மாநிலம் 2005இல் வேறொரு வழி கண்டது. குறித்த எல்லைக்குள் மட்டுமே மாணவரைச் சேர்க்கவேண்டும் என்ற கட்டுப்பாடில்லாத பாடசாலைகளின் மாணவர் தொகையை 1.65 ஆற் பெருக்கி, அதன்படி பிரிவு வகுத்தது. 600 மாணவர் உள்ள பாடசாலை 990 மாணவர் உள்ளதாகக் கணிக்கப்பட்டு, பெரிய பாடசாலைகளோடு ஆடவேண்டியதாயிற்று. அங்கு 'எல்லை' என்பதே அளவுகோல். எல்லையின்றி மாணவரைச் சேர்க்கும் அரசினர் பாடசாலைகளும் அதற்குத் தப்பவில்லை. வெற்றி காணாத பாடசாலைகளுக்கு விலக்களிக்கும் ஏற்பாடும் பின்னர் வந்தது.

டெனசி மாநிலத்தில் 1997இல், பிறென்ற்வுட் அக்கடமி என்னும் தனியார் பாடசாலையின் பயிற்றுநர் புதிதாகச் சேரவிருந்த மாணவரைப் பயிற்சிக்கு அழைத்துக் கடிதம் எழுதினார். விளையாட்டுச் சங்கம் அதனை ஆட்சேர்ப்பெனக் கொண்டு தண்டனை விதித்தது. வழக்கு இருமுறை அமெரிக்க உயர் நீதிமன்றம்வரை சென்றது. அச்சங்கம் அரசின் கருமத்தையே செய்கின்றதாதலின் அரசியலமைப்புக்குக் கட்டுப்பட்டது என 2001இலும், ஆட்சேர்ப்பைத் தடுக்கும் விதியை அது நடைமுறைப்படுத்தியது பேச்சுரிமையை மீறியதாகாது என 2007இலும் தீர்ப்பாயிற்று. விளையாட்டு விதியும் நீதிக்கு விடைசொல்ல வேண்டியதே என்பதும், வீரரைத் தேடி இழுப்பதற்கு ஓர் எல்லை விதிக்கலாம் என்பதும் இதனாற் பெறப்படும்.

பெரியோரின் மறுப்பையும் நாம் தள்ளிவிடோம். வலியவரோடு மோதித் தோற்பதும் ஒரு பயிற்சியே. சிறிய பிரிவிற் பெற்ற கிண்ணத்தை வைத்துக்கொண்டு பெருமை பேசுவது எவருக்கும் நன்மை தராது. அவ்வாறே, உழைத்து முன்னேறிய பாடசாலையை அதன் வெற்றிக்காகத் தண்டிப்பதும் முறையன்று. ஆதலாற் பிரிவுகள் மதிலாக இராமல் படியாக இருத்தல் வேண்டும்: வெல்பவர் மேலேறவும், தளர்பவர் கீழிறங்கி வலுப்பெறவும் வழி வேண்டும்.

நாம் கேட்பது இதுவே. பாடசாலையின் உரிமையாளர் யார் என்று பாராது, மாணவரை எவ்வளவு தூரத்திலிருந்து சேர்க்க முடிகின்றது, விடுதி உண்டா, மைதானமும் பயிற்றுநரும் உண்டா என்பவற்றைப் பார்த்துப் பிரிவு வகுக்கப்படவேண்டும். விளையாட்டுக்காகப் பாடசாலை மாறிய மாணவர், விட்டுவந்த பாடசாலையின் பெயரும் வெற்றிப் பதிவிலே குறிக்கப்படவேண்டும்.

எமது சங்கம் இவ்வாண்டிலேயே செய்யத்தக்க பணி ஒன்றுண்டு. கிண்ணியாவிலும் அயலூர்களிலும் உள்ள பாடசாலைகளுக்கு, தமிழர் பாடசாலை முஸ்லிம் பாடசாலை என்ற பேதமின்றி, நேரிற் சென்று, மைதானம், உபகரணம், பயிற்றுநர், பயணச் செலவு ஆகியவற்றைக் கணக்கெடுத்து, வலயக் கல்வி அலுவலகத்திற் சமர்ப்பிக்கலாம். பாதையில் ஏறிச்சென்று ஆடிய பெரியோர் தம் அநுபவத்தைச் சொல்லட்டும். இளைஞர் அதனை எழுதிக்கொள்ளட்டும். கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு கேட்போமாயின், எமது கேள்வியை எவரும் சாக்கென்று தள்ளிவிட முடியாது.