அமெரிக்கத் தேர்தல்களில் பெண் வேட்பாளர்களும் ஊடகப் பாலினப் பாகுபாடும்

தேர்தலில் நிற்கும் பெண்ணின் கொள்கையையும் அனுபவத்தையும் ஓரங்கட்டிவிட்டு, அவருடைய உடை, குரல், வயது, கணவர், பிள்ளைகள் ஆகியவற்றைச் செய்தியாக்கும் போக்கு ஊடகப் பாலினப் பாகுபாடு எனப்படுகிறது. வசைச்சொல் வந்தால்தான் பாகுபாடு என்பதில்லை. ஆண் வேட்பாளரிடம் யாரும் கேட்காத கேள்வியைப் பெண்ணிடம் மட்டும் கேட்பதே இதன் ஆணிவேர்.

1872-இல் சம உரிமைக் கட்சியின் சார்பில் விக்டோரியா வுட்ஹல் அதிபர் பதவிக்குப் போட்டியிட்டார். நாடு முழுவதும் பெண்களுக்கு வாக்குரிமை கிடைக்க அப்போது இன்னும் 48 ஆண்டுகள் இருந்தன. அவ்வாண்டு பிப்ரவரியில் 'ஹார்ப்பர்ஸ் வீக்லி' இதழில் தாமஸ் நாஸ்ட் வரைந்த கேலிச்சித்திரம், கொம்பும் சிறகும் முளைத்த சாத்தானாக அவரைக் காட்டியது. பின்னால், குடிகாரக் கணவனையும் பிள்ளைகளையும் முதுகில் சுமந்துகொண்டு மேட்டுப்பாதையில் ஏறுகிறாள் ஓர் ஏழைப் பெண். அவள்தான் அந்தப் படத்தின் நல்ல பெண். வுட்ஹல் வால் ஸ்ட்ரீட்டில் பங்குத் தரகு நிறுவனம் நடத்தியதற்கும் சொந்தமாக வார இதழ் வெளியிட்டதற்கும் அதில் இடமில்லை.

1984 ஜூலையில் ஜெரால்டின் ஃபெராரோவை ஜனநாயகக் கட்சி துணை அதிபர் வேட்பாளராக்கியது. இரு பெருங்கட்சிகளும் அதற்கு முன் எந்தப் பெண்ணையும் அந்த இடத்தில் நிறுத்தியதில்லை. மூன்று முறை பிரதிநிதிகள் சபைக்குத் தேர்வானவர், அதற்கு முன் அரசுத் தரப்பு வழக்கறிஞராக இருந்தவர். கட்சி மாநாட்டைத் தொகுத்து வழங்கிய என்.பி.சி. தொலைக்காட்சியின் டாம் புரோக்கா, அவருடைய உடையின் அளவு 6 என்று நேயர்களுக்குச் சொன்னார். ஆகஸ்டில் மிசிசிப்பி சென்றபோது, அம்மாநில வேளாண் ஆணையர் அவரிடம் புளூபெரி மஃபின் செய்யத் தெரியுமா என்று கேட்டார். தெரியும், உங்களுக்குத் தெரியுமா என்று ஃபெராரோ திருப்பிக் கேட்க, எங்கள் ஊரில் ஆண்கள் சமைப்பதில்லை என்று பதில் வந்தது. அக்டோபரில் 'மீட் தி பிரஸ்' நிகழ்ச்சியில் மார்வின் கால்ப் கேட்டது வேறு: அணு ஆயுதப் பொத்தானை அழுத்தும் உறுதி உங்களுக்கு உண்டா? அடுப்படியில் ஒரு பரீட்சை, போர்க்களத்தில் ஒரு பரீட்சை. இரண்டிலும் சேர்ந்தே தேற வேண்டும் என்ற கட்டாயம் பெண்ணுக்கு மட்டுந்தான்.

கண்ணீருக்கும் தனிக் கணக்கு உண்டு. 1987 செப்டம்பரில் டென்வரில், அதிபர் போட்டியில் இறங்கப்போவதில்லை என்று அறிவித்தபோது பாட்ரிசியா ஷ்ரோடர் அழுதுவிட்டார். அவருடைய 14 ஆண்டு நாடாளுமன்றப் பணியை அந்தச் சில நொடிகள் மூடி மறைத்தன. பொதுமேடையில் அழுத ஆண் தலைவர்களைப் பற்றிய செய்திகளை அவர் பின்னர் ஒரு கோப்பில் சேர்த்து வந்தார்.

ஹிலாரி கிளிண்டனின் 2008 அதிபர் போட்டி இவ்வகையில் அதிகம் ஆராயப்பட்டது. 2007 ஜூலையில் அவர் செனட்டில் உயர்கல்விச் செலவைப் பற்றிப் பேசினார். 'வாஷிங்டன் போஸ்ட்' நாளிதழின் ஆடை விமர்சகர், அன்று அவர் அணிந்திருந்த சட்டையின் கழுத்து எவ்வளவு இறங்கியிருந்தது என்று ஒரு கட்டுரையே எழுதினார். கல்லூரிக் கட்டணத்தால் திண்டாடும் குடும்பங்களின் கதை அந்தக் கழுத்துக்கு முன் நிற்கவில்லை. 2008 ஜனவரி 7 அன்று நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் போர்ட்ஸ்மவுத் நகரக் காபிக் கடையில், இத்தனையையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று ஒரு வாக்காளர் கேட்டார். பதில் சொல்லும்போது கிளிண்டனின் குரல் தழுதழுத்தது. அது உண்மையா நடிப்பா என்று தொலைக்காட்சிகள் விவாதித்தன. அதே நாள் அம்மாநிலத்தின் சேலம் நகரக் கூட்டத்தில் இரண்டு ஆண்கள், என் சட்டைக்கு இஸ்திரி போடு என்று கூச்சலிட்டனர். மறுநாள் அம்மாநில முதனிலைத் தேர்தலில் கிளிண்டன் வென்றார். அதற்கடுத்த நாள் எம்.எஸ்.என்.பி.சி.யின் கிறிஸ் மேத்யூஸ், கணவர் தவறிழைத்ததால்தான் இவர் செனட்டரானார் என்ற பொருளில் பேசி, பிறகு வருத்தம் தெரிவித்தார்.

ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. 1980களின் செனட் தேர்தல்களை ஆராய்ந்த கிம் கான், பெண்களுக்குச் செய்தியிடம் குறைவு, அதிலும் அவர்களால் வெல்ல முடியுமா என்ற ஐயமே மிகுதி என்று கண்டார். அதிபர் போட்டிகளை வுட்ஹல் காலத்திலிருந்து ஒப்பிட்ட எரிக்கா ஃபாக்கின் நூலும் (2008) ஏறத்தாழ அதையே சொன்னது. ஆனால் 2010, 2014 பிரதிநிதிகள் சபைத் தேர்தல்களில் உள்ளூர் நாளிதழ்களைப் படித்த டேனி ஹேய்ஸும் ஜெனிஃபர் லாலெஸும் ஆண், பெண் வேறுபாடு பெரிதாக இல்லை என்றனர். இது உண்மையான முன்னேற்றம். ஆயினும் பதவியின் உயரம் கூடக்கூடப் பழைய கேள்விகள் திரும்பி வருகின்றன என்பதே இக்கட்டுரையாளரின் கணிப்பு. 2013-இல் 'விமன்ஸ் மீடியா சென்டர்' பங்கேற்று நடத்திய கருத்தாய்வு, தோற்றத்தைப் பற்றிய பாராட்டும் பெண் வேட்பாளருக்குக் கேடு செய்கிறது என்று காட்டியது. அந்தப் பேச்சைக் கண்டித்துப் பேசிய வேட்பாளர் இழந்த ஆதரவை மீட்கவும் முடிந்தது.

குடியரசுக் கட்சிப் பெண்களும் தப்பவில்லை. 2008-இல் துணை அதிபர் வேட்பாளரான சாரா பேலின் ஐந்து பிள்ளைகளின் தாய். கடைக்குட்டி பிறந்து சில மாதங்களே ஆகியிருந்தன. இத்தனை பிள்ளைகளை வைத்துக்கொண்டு பதவியைப் பார்க்க முடியுமா என்ற விவாதம் ஊடகங்களில் ஓடியது. தாய்வழியில் மன்னார்குடி அருகிலுள்ள துளசேந்திரபுரத்தைப் பூர்விகமாகக் கொண்ட ஜனநாயகக் கட்சியின் கமலா ஹாரிஸுக்கு நேர்ந்தது இதன் மறுபக்கம். 2021-இல் ஃபாக்ஸ் நியூஸ் நிகழ்ச்சியில், பின்னர் குடியரசுக் கட்சியின் துணை அதிபர் வேட்பாளரான ஜே.டி. வான்ஸ், பிள்ளையில்லாதவர்களுக்கு நாட்டின் எதிர்காலத்தில் நேரடி அக்கறை இல்லை என்று கூறி, ஹாரிஸின் பெயரையும் சேர்த்தார். 2024-இல் ஹாரிஸ் அதிபர் வேட்பாளரானபோது அந்தக் காணொளி மறுபடி பரவியது. ஆனால் ஹாரிஸின் கணவருக்கு முதல் திருமணத்தில் பிறந்த இரு பிள்ளைகளும் ஹாரிஸை அழைப்பது 'மோமலா' (அம்மாவைக் குறிக்கும் 'மாம்' என்ற சொல்லும் கமலாவும் கலந்த பெயர்) என்று.