தொடையில் வைக்கும் ராடும் ஒரு பாலைவனப் பந்தயமும்

வாத்தியார் பைக் பந்தயம் பற்றி எழுத ஆரம்பித்துவிட்டாரே என்று சிரிக்க வேண்டாம். இதுவும் வரலாறுதான்.

ஆஸ்திரேலியாவின் டோபி பிரைஸ் சாலையே இல்லாத இடங்களில் பைக் ஓட்டிப் பந்தயம் போனவர். 2013இல் கலிஃபோர்னியாப் பாலைவனத்தில் விழுந்ததில் கழுத்துப் பகுதி முதுகெலும்பு உடைந்தது. ஊர் திரும்பி அறுவை செய்துகொண்டார். 2015இல் முதல்முறையாக டாக்கர் பந்தயத்துக்குப் போனவர் மூன்றாம் இடம் பிடித்தார். 2016இல் முதலிடம். ஆஸ்திரேலியர் ஒருவர் அதை வென்றது அதுவே முதல் தடவை. அடுத்த ஆண்டு நான்காம் நாள் பொலிவியாவில் விழுந்தார், தொடை எலும்பு முறிந்தது.

தொடை எலும்பு என்பது சாதாரண விஷயமல்ல. முதல் உலகப் போரின் தொடக்கத்தில், குண்டடியில் தொடை முறிந்த வீரர்களில் நூற்றுக்கு 80 பேர் வரை இறந்ததாக அக்கால மருத்துவர்கள் எழுதினார்கள். லிவர்பூல் மருத்துவர் ஹியூ ஓவன் தாமஸ் பல ஆண்டுகளுக்கு முன்பே செய்துவைத்த ஒரு கம்பிச் சட்டத்தை அவருடைய மருமகன் ராபர்ட் ஜோன்ஸ் போர்முனைக்குக் கொண்டுவந்தார். காலை நீட்டி, அசையாமல் கட்டியதிலேயே சாவு வெகுவாகக் குறைந்தது. ஆனாலும் பிழைத்தவர் எடையைத் தொங்கவிட்டு மாதக்கணக்கில் படுத்தே கிடக்க வேண்டும்.

1939இல் ஜெர்மனியின் கீல் நகரில் கெர்ஹார்ட் குன்ட்ஷர் ஒரு காரியம் செய்தார். எலும்பின் நடுவே மஜ்ஜை இருக்கும் குழாய்க்குள் நீள ஆணியை இறக்கினார். உடம்பின் பாரத்தை ஆணியும் பகிர்ந்துகொள்வதால் நோயாளி சீக்கிரமே எழுந்து நடக்கலாம். சக மருத்துவர்கள் பலர் நம்பவில்லை. ஜெர்மனியில் சிறைப்பட்டிருந்த வீரர்கள் ஊர் திரும்பியபோது, எக்ஸ்ரேயில் தொடைக்குள் இரும்பைப் பார்த்து நேசநாட்டு மருத்துவர்கள் திகைத்துப் போனார்கள். "கால்ல ராடு வெச்சிருக்கு" என்று இன்று நாம் சர்வசாதாரணமாகச் சொல்வது அதன் பேரப்பிள்ளையைத்தான்.

இதை எழுதக் காரணம், தொடை முறிந்து ராடு வைத்துப் படுத்திருக்கும் என் பழைய மாணவர் ஒருவர் போனில் "இனிமே பழையபடி ஆவேனா சார்?" என்று கேட்டதுதான். தம்பி, உனக்கு நூறு ஆண்டு முன்னால் கால் முறிந்திருந்தால் கேள்வியே வேறு. பிசியோதெரபிக்காரர் சொல்வதை மட்டும் தட்டாதே.

பிரைஸ் கதைக்கு வருகிறேன். 2018இல் திரும்பி வந்து மூன்றாம் இடம். 2019 பந்தயத்துக்குச் சில வாரம் முன்பு மணிக்கட்டில் ஸ்கேஃபாய்ட் என்ற படகு வடிவச் சின்ன எலும்பு முறிந்து, அறுவை நடந்தது. அந்த எலும்புக்கு ரத்தம் பெரும்பாலும் ஒரு முனை வழியாகத்தான் போகும், அதனால் ஒட்டத் தாமதமாகும். அந்தக் கையோடு பெரு நாட்டு மணல்மேடுகளில் பத்துக் கட்டங்கள் ஓட்டினார். எனக்கு இதில் உடன்பாடில்லை. அந்த எலும்பு ஒட்டாமல் போனால் ஆயுளுக்கும் வலி. நீங்கள் யாரும் அப்படிச் செய்யாதீர்கள்.

கடைசி நாள் காலையில் அவருக்கும் சிலி நாட்டுக் குயின்டனியாவுக்கும் ஒரு நிமிடம் சொச்சம்தான் வித்தியாசம். அன்று குயின்டனியா விழுந்து காலில் அடிபட்டும் ஓட்டி முடித்தார். அந்தப் பந்தயத்தில் பிரைஸ் ஜெயித்த ஒரே கட்டம் அந்தக் கடைசிக் கட்டம்தான். கோப்பையும் அவருக்கே.